இரண்டாவது குழை

முந்நூற்று நாற்பது ரூபாய். முனீப் பாக்கியரத்தினத்துக்குக் கொடுக்கவேண்டிய காசு.

சைக்கிளுக்குப் பின் டயர் போடவென்று கைமாற்றாக வாங்கியது. இப்போது அந்தக் காசுக்கு ஒரு டியூப்கூட வராது.

முனீப்பின் மனைவி றுக்கியா காசைக் கையில் பொத்திக்கொண்டு தோப்பூரிலிருந்து மூன்று தரம் வந்துவிட்டாள். மூன்று தரமும் பாக்கியரத்தினம் கை நீட்டவில்லை, விட்டேன் என்றும் சொல்லவில்லை. "வாங்கினவன் வந்து தரட்டும், தங்கச்சி." கிளிவெட்டிச் சனம் அவனைக் கஞ்சன் என்றும் சொன்னது, விசரன் என்றும் சொன்னது.

இன்று விடியவும் போன் எடுத்தாள். "வெள்ளிக்கு முதல் எனக்கு ஒரு சொல்லு வேணும், அண்ணன்."

"பின்னேரம் சொல்லுறன்."

அதற்கு முன் அவனுக்குக் காட்டுக்குள் ஒரு பார்வை பார்க்கவேண்டி இருந்தது.

உப்புவெளியில் விடுதி நடத்தும் கீர்த்தனி, கொழும்பிலிருந்து வந்த ஐந்து பேரைச் சைக்கிளோடு கூட்டி வந்திருந்தாள். சரணாலயத்துக்குள்ளால் முப்பத்தெட்டுக் கிலோமீற்றர் கிறவல் றோட்டு. ஒரு பாலை மரத்தடியில் தொடங்கி அதே மரத்தடியில் முடியும். பம்பும் தண்ணீரும் கட்டிக்கொண்டு கடைசி ஆளாக வருவது பாக்கியரத்தினத்தின் கூலிவேலை.

ஆனைக்காட்டுக்குள் போகிறவர் ஆளுக்கொரு இலைக்குழை முறித்துப் பிள்ளையாருக்கென்று அந்த மரக்கொப்பில் கொழுவவேண்டும். திரும்பி வந்ததும் அவரவர் குழையை இழுத்து நிலத்தில் விடவேண்டும். அது அவன் வைத்த ஒழுங்கு.

வந்தவர்களில் மதிவதனா என்ற வங்கிக்காரி எண்ணிப் பார்த்தாள். "நாங்கள் ஏழு பேர். எட்டுக் குழை தொங்குதே, அண்ணை?"

"மற்றது முனீப்புக்கு."

முனீப் குழை போடமாட்டான். 'உன்ர பிள்ளையாருக்கே ஆனைத் தலை. அவர் ஆனைக்கோ சப்போட், எங்களுக்கோ?' என்று சிரிப்பான். அவனுக்கும் சேர்த்து எப்போதும் பாக்கியரத்தினம்தான் போடுவான்.

கிறவல், தகரம்போல அலையலையாகக் கிடந்தது. சில்லுக்கடியில் கல் தெறித்தது. பாக்கியரத்தினம் றோட்டைப் பார்க்கவில்லை. இடப்பக்கப் பற்றையைப் பார்த்தான், வலப்பக்கப் பற்றையைப் பார்த்தான்.

"றோட்டைப் பாருங்கோ அண்ணை! என்ர முதுகிலயெல்லோ ஏத்தப் போறீங்கள்!" முன்னால் போன மதிவதனா கத்தினாள்.

மற்றவர்கள் நிழலில் குந்தித் தண்ணீர் குடித்தார்கள். அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹாண்டிலைப் பிடித்தபடியே நின்றான்.

இருபத்தாறாவது கிலோமீற்றரில் ஒரு படலை. அதற்கு அங்கால், குளத்தைச் சுற்றி வரும் பன்னிரண்டு கிலோமீற்றரும் இத்தனை காலம் பூட்டிக் கிடந்தது. இன்றுதான் திரும்பவும் ஆட்களை விடுகிறார்கள். மற்றக் காடெல்லாம் அவன் மிதித்துத் தீர்த்த காடு. பார்க்காதது இது ஒன்றுதான்.

படலை திறந்ததும், கடைசியாக வரவேண்டியவன் எல்லோரையும் விலத்திக்கொண்டு முன்னால் போனான்.

ஏற்றத்தில் தொடை எரிந்தது. மணலில் சில்லுப் புதைந்தது. இறங்கித் தள்ளினான், ஏறி மிதித்தான். ஆனை லத்தி கிடந்தது. முறிந்த வீரை மரம் கிடந்தது. கோடரி பட்ட கட்டை ஒன்றும் இல்லை. துருப்பிடித்த இரும்பு ஒன்றும் இல்லை.

குளக்கட்டில் ஏறி நின்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டான்.

"முனீப்!"

கொக்குகள் எழும்பிப் போயின.

பின்னால் வந்து சேர்ந்த கீர்த்தனிக்கு மூச்சு வாங்கியது. "ஆரைக் கூப்பிட்டனீங்கள்?"

"கடன்காரனை."

திரும்பிப் பாலை மரத்தடிக்கு வந்தார்கள். எல்லோரும் தங்கள் குழையை இழுத்து விட்டார்கள். பாக்கியரத்தினமும் தன்னுடையதை விட்டான்.

ஒன்று தொங்கியது. அதற்கு மேல், அவன் இழுக்காமல் விட்டுவந்த பழைய குழைகளின் காய்ந்த காம்புகள்.

புது டயர் போட்ட சைக்கிளில் முனீப் இந்த மரத்தைத் தாண்டி விறகுக்குப் போய்ப் பதினெட்டு வருசம். அன்றைக்குப் பாக்கியரத்தினம் காய்ச்சலில் கிடந்தான். குழை போட ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை பள்ளியில், மையித்தென்று ஓர் உடல் இல்லாமலே, முனீப்புக்கு ஜனாஸாத் தொழுகை. அதற்குள் கடன் அடையவேண்டும், இல்லாவிட்டால் கொடுத்தவன் பொறுத்துக்கொள்ளவேண்டும். செத்தவனுடைய கடனை மற்றவர்கள் தீர்க்கலாம். கடன்காரனாகவே இருந்தால் என்றைக்காவது அவனே வந்துதானே ஆகவேண்டும்.

பாக்கியரத்தினம் எட்டி இரண்டாவது குழையை இழுத்தான். கீழே விழுந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு போனை எடுத்தான்.

"தங்கச்சி, நான் விட்டிட்டன்."

"எவ்வளவு எண்டு வாயால சொல்லி விடுங்க, அண்ணன்."

"முந்நூத்தி நாப்பது," என்றான்.