பாலம் உண்டா, இல்லையா?

“பாலம் வருதுன்னு தலைவரே என்கிட்ட சொன்னாரு!” என்று கத்தினார் தணிகாசலம்.

“வரவே வராதுன்னு என் வீட்டுச் சுவர்ல நின்னு சத்தியம் பண்ணாரேய்யா!” என்று அதற்கும் மேலே கத்தினார் எதிர்வீட்டு ஏகவல்லி.

இப்போதெல்லாம் தலைவர் தினமும் காலையில் ஒவ்வொரு வீட்டுச் சுவர்த்திரையிலும் தோன்றி, அந்தந்த வீட்டுக்குப் பிடித்ததைத்தான் பேசுகிறார். இந்தப் பாலச் சண்டையில் தணிகாசலத்தின் மகள் மேகலைக்கும் ஏகவல்லியின் மகனுக்கும் பேசிய கல்யாணம் நின்று இரண்டு வருடமாகிறது. அதே மாடியில் பக்கத்து வீட்டில் இருக்கும் நான் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்பதல்ல, அக்கறை.

பொறுக்க முடியாமல் மேகலை அப்பாவை இழுத்துப்போய் ஏகவல்லிக்குப் பக்கத்திலேயே, அந்த வீட்டுச் சுவருக்கு முன்னால் உட்காரவைத்தாள். அக்கறை என்னையும் வாசல்வரை இழுத்துப்போனது. “இப்பச் சொல்லுங்க தலைவரே, பாலம் உண்டா, இல்லையா?”

தலைவர் அவரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். “சாப்பிட்டீங்களா?” என்றார். எத்தனை முறை கேட்டாலும் அதேதான்.

ஏழாவது முறை ஏகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இல்லீங்க தலைவரே. சம்பந்தி வந்திருக்காரு, இனிமேதான் இலை போடணும்.”

சாப்பாட்டை மட்டுமே விசாரித்த தலைவருக்கு அன்றே மனதார ஒரு கும்பிடு போட்டேன். தை மாதம் கல்யாணம் முடிந்து, மேகலை நான்கடி தள்ளி எதிர்வீட்டுக்குக் குடிபோனாள்.