இரண்டு குரல், ஒரு தடம்

“தப்பு என்மேலதான். மன்னிச்சிடு.”

ஸ்பீக்கரில் இயக்குநரின் குரல் ஒலித்து நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த நடிகர் கண்ணைத் திறக்காமலே, “இன்னொரு தடவ போடுங்க” என்றார்.

ஒலி எடிட்டர் பெண் மறுபடி போட்டாள்.

படம் வெளிவந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. போன இடமெல்லாம் விருது வாங்கிய படம். இப்போது அதன் சிறப்புப் பதிப்பு டிவிடி வரப்போகிறது. புதுப்பித்த பிரதி, வெட்டப்பட்ட காட்சிகள் எல்லாம் உண்டு. ஆனால் ஆர்டர்கள் குவிந்தது, படம் ஓட ஓட இயக்குநரும் நாயகனும் பேசும் விளக்கவுரைக்காகத்தான். ஏனென்றால் இருவருக்கும் அத்தனை வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

விருது மேடையில் குதிரைக்காரர் வரை எல்லோருக்கும் நன்றி சொன்ன இயக்குநர், நாயகன் பெயரை மட்டும் விட்டுவிட்டார். அன்றைக்குப் பிடித்தது சண்டை. ஒருவர் ஒரு பேட்டியில் சீண்டுவார், மற்றவர் அடுத்த பேட்டியில் திருப்பிக் கொடுப்பார். பத்திரிகைகளுக்கு அலுக்கவே இல்லை.

இருவரையும் தனித்தனியே பேச வைத்துப் பதிவு செய்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல ஒரே ஒலித்தடத்தில் சேர்ப்பது அவள் வேலை. பயந்துகொண்டே தொடங்கினாள். ஆனால் இவர் பேசாத இடத்தில் அவர் பேசியிருந்தார், அவர் பேசாத இடத்தில் இவர். ஓரிடத்தில்கூட இரண்டு குரலும் மோதவில்லை. நமக்கு இவ்வளவு சுலபமாக எதுவும் அமையாதே என்று அவள் மறுபடி மறுபடி சரிபார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசிக் காட்சியில் மட்டும் இருவருமே வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் அவளை என்னவோ செய்தது. கேமராவைத் தவறான இடத்தில் வைத்ததைப் பற்றி இயக்குநர் சொன்ன “தப்பு என்மேலதான்” கையில் இருந்தது. மேசையில் தண்ணீரைக் கொட்டிவிட்டு அவளிடம் அவர் சொன்ன “மன்னிச்சிடும்மா”வும் பதிவாகியிருந்தது. அதில் “ம்மா”வை நறுக்கிவிட்டு, இரண்டையும் ஒட்டிக் கடைசிக் காட்சியில் வைத்துவிட்டாள். வயதான மனிதர்கள், இனி எப்போதுதான் பேசிக்கொள்ளப் போகிறார்கள்?

டிவிடி நிறுவன முதலாளிக்கு இது தெரியாது. ஒப்புதலுக்காக இருவருக்கும் அனுப்பிவிட்டார். நடிகரிடமிருந்து போனில் வந்த பதில் ஒரே வார்த்தை. “வர்றேன்.”

“நீங்க கையெழுத்து போட்டுட்டா சாயங்காலமே டிஸ்க் அடிக்க அனுப்பிடுவோம் சார்” என்று முதலாளி குழைந்தார். “இருக்கறதெல்லாம் இதுலதான் போட்டிருக்கேன்.”

“இத அவன் எப்ப சொன்னான்?”

“இங்க வந்தப்பதான் சார். இந்தப் பொண்ணுதான் ரெக்கார்ட் பண்ணுச்சு.”

நடிகர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். “நீ சொல்லும்மா. அவன் வாயால சொன்னானா?”

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், கையெழுத்து விழுந்துவிடும். அவளுக்குத் தலை அசையவில்லை. அதற்குள் கதவு படாரென்று திறந்தது.

இயக்குநர் மூச்சிரைக்க நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் அலுவலகமே எட்டிப் பார்த்தது. முதலாளி எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

“எவன்யா என் வாயில வார்த்தைய வச்சது?”

“சார், என்ன சார் சொல்றீங்க...”

“நான் இவன்கிட்ட மன்னிப்பு கேட்டேனா? செத்தாலும் கேக்க மாட்டேன். இந்த டிஸ்க் வெளிய வரட்டும், கோர்ட்டுல பாத்துக்கறேன்!”

“நீ கேட்டாலும் எவன்யா மன்னிக்கப் போறான்?” நடிகர் பேனாவை மேசைமேல் வீசினார். “கையெழுத்தும் கெடையாது, ஒண்ணும் கெடையாது.”

முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் எழுந்தாள்.

“நான்தான் சார் ஒட்டினேன். முதலாளிக்கு எதுவும் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் இனிமேலாவது பேசிக்கணும்னு...” இரண்டு கையையும் கூப்பினாள். “என்னைய வேலைய விட்டு அனுப்பிடுங்க. டிவிடிய நிறுத்திடாதீங்க.”

“அடிப் பாவி! என் தலையில மண்ண வாரிப் போட்டுட்டியே!” என்று முதலாளி கத்தினார்.

இயக்குநர் அவளையே ஒரு கணம் பார்த்தார். பிறகு திரும்பிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். நடிகரை நோக்கி நடந்தார். நடிகரும் எழுந்து நின்றார். கை ஓங்கப் போகிறார்கள் என்று அவள் கண்ணை இறுக்கிக்கொண்டாள்.

நாற்காலி இழுபடும் சத்தம்தான் கேட்டது.

“உக்காருடா மொதல்ல. மாடிப்படி ஏறாதன்னு டாக்டர் உனக்கு எத்தன தடவ சொல்றது?”

இயக்குநர் உட்கார்ந்து, நடிகர் பாதி குடித்து வைத்திருந்த காபியை எடுத்து ஒரே மடக்கில் காலி செய்தார்.

முதலாளியின் வாய் திறந்தபடியே இருந்தது. “சார்... அப்ப நீங்க ரெண்டு பேரும்...”

“கத்தாதய்யா, வெளிய கேக்கும்” என்றார் நடிகர்.

இயக்குநர் வாயைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். “நல்ல மனசும்மா உனக்கு. வேலையெல்லாம் ஒண்ணும் போகாது. அந்த மன்னிப்ப மட்டும் வெட்டிடு.”

“ஏன் சார்?”

“சண்ட முடிஞ்சிட்டா, எங்கள யாரும்மா ஞாபகம் வச்சிருப்பா?”