பிளெக்ஸில் இடம் இல்லை

“தோல் கம்பெனி லோகோ வலது பக்கம், ஷூ கம்பெனி இடது பக்கம். சண்டை வேணாம் சார்” என்றான் பரணிதரன். ஆம்பூர் பஜாரில் பிளெக்ஸ் கடை வைத்திருப்பவன்.

கம்ப்யூட்டர் திரையில் அபினேஷ் ரேஸ் சைக்கிள் மேல் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தான். பனியனின் நெஞ்சுப் பக்கம் காலி. அங்கே ஒரு கம்பெனிப் பெயராவது வர வேண்டும் என்பதுதான் அவன் ஆசை.

ஒரு காலத்தில் இந்த ஊரில் பெரிய கம்பெனிகள் ஆளுக்கொரு சைக்கிள் வீரனை வைத்திருந்தன. பிறகு ஸ்பான்சர் பணம் கிரிக்கெட்டுக்குப் போனது. 2008-ல் ஏற்றுமதி படுத்ததும் அதுவும் நின்றது.

அபினேஷ் கேட்டது இரண்டே இரண்டு டயர். “டயர் தேஞ்சு நூல் தெரியுது சார்” என்று கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினான். ‘அடுத்த வருஷம் பாக்கலாம்’ என்ற பதிலை எல்லாக் கம்பெனிகளும் ஒரே தரத்தில் தயாரித்தன.

இன்று கூப்பிடாமலே வந்திருந்தார்கள். ஷூ கம்பெனி மேனேஜர் சுப்பராயன். தோல் கம்பெனி மேனேஜர் ஷபீ அஹமது.

“ஜனம் ஜாஸ்தி வருமாம்மா?” என்றார் சுப்பராயன்.

“வரும் சார். சாயந்தரம் சர்ச்லேர்ந்து பஜார் வழியா எல்லாரும் நடந்தே வர்றாங்க” என்றாள் அபினேஷின் அக்கா ஃபீபி. ஷூ தைக்கிறவள், காலில் செருப்பு போடக்கூட மறந்து வந்திருந்தாள்.

“லோக்கல் டிவிகூட வர்றான் சார்” என்றான் பரணிதரன்.

“அப்போ பெரிய சைஸே போட்டுடு. செலவு எங்க கம்பெனிது” என்றார் சுப்பராயன்.

“இன்னா சார் இது, எங்கள வுட்டுட்டீங்களே? பாதி எங்களுது” என்றார் ஷபீ அஹமது.

ஃபீபி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அண்ணா, அந்தப் பனியன் மேலயும் கம்பெனி பேர் போட முடியுமா? ரொம்ப ஆசப்பட்டான்.”

பரணிதரன் மவுஸை நகர்த்தினான். அபினேஷின் நெஞ்சில் இரண்டு லோகோக்கள் ஏறி உட்கார்ந்தன. ஃபீபி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுப்பராயன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கருகே குனிந்தார்.

“தம்பி, மேல அந்தக் ‘கண்ணீர் அஞ்சலி’ய கொஞ்சம் சின்னதாக்கு. எங்க பேர் தெரியமாட்டேங்குது.”