பழைய கசிவு

ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்ததும் டிராக்டரின் வயிற்றுக்குக் கீழே குபுகுபுவென்று எண்ணெய் கொட்டியது.

மெக்கானிக்குக்குச் சந்தோஷமாக இருந்தது. எழவு விழுந்த வீட்டில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவனாகத்தான் இருப்பான்.

ஸ்டியரிங் எண்ணெய் ஒழுகிப் போய்விட்டால், அந்தக் கனத்த வண்டியைச் சட்டென்று திருப்ப எந்தப் பயில்வானாலும் ஆகாது. இப்படி ஒரு கோளாறைத்தான் அவன் தேடிக்கொண்டிருந்தான்.

செத்துப்போனது அவனுடைய அக்கா புருஷன். பட்டப்பகலில், பழகிய பாதையில் அவர் ஓட்டிப்போன இதே வண்டி வளைவில் திரும்பாமல் நேராகப் போய்க் கல்குவாரிப் பள்ளத்துத் தண்ணீரில் விழுந்தது. பிறகு அதைத் தூக்கி வந்து கொட்டகையில் போட்டார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். வாசலைத் தாண்டியதும் குசுகுசுத்தார்கள். குடிக்கிற ஆள் இல்லையே, கண் பார்வையும் நன்றாகத்தானே இருந்தது என்றார்கள். அந்தப் பேச்சு அக்காவின் காதுக்கும் வந்து சேர்ந்தது.

“என்ன ஆச்சுன்னு பாத்துச் சொல்லுடா தம்பி. அது தெரிஞ்சாப் போதும் எனக்கு.”

வேறு எதையும் அவள் கேட்கவில்லை. எஞ்சினுக்குள் புகுந்த தண்ணீரை அவன் வடித்தபோதும், ஃபில்டரை மாற்றியபோதும், வேறு பேட்டரி வைத்தபோதும் கொட்டகை வாசலில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். ஸ்பேனர் கீழே விழுந்தால்கூட எழுந்து நின்றாள்.

அவன் எஞ்சினை அணைத்துவிட்டு, முன்சக்கரங்களுக்கு நடுவே மல்லாந்து படுத்து டார்ச் அடித்தான். இடது சக்கரத்துப் பக்கம் ஸ்டியரிங் எண்ணெயைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் கிழிந்திருந்தது.

பழைய கசிவு புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். களி மாதிரி கருப்பாக அப்பியிருக்கும், தண்ணீரில் ஊறினாலும் போகாது. இந்த ஹோஸ் சுத்தமாக இருந்தது.

கிழிசலுக்குள் விரலை விட்டான். என்னவோ நறநறத்தது. நகத்தால் நெம்பி எடுத்தான். வெள்ளைக் கல் சில்லு. பள்ளத்துப் பாறை அந்த நிறம்தான்.

விழுந்தபோதுதான் ஹோஸ் கிழிந்திருக்கிறது. அதுவரைக்கும் ஸ்டியரிங் நன்றாக இருந்திருக்கிறது. ஒற்றைக் கையால் திருப்பியிருக்கலாம்.

மாமா திருப்பவில்லை.

வண்டி லேசாக இருமினாலே இவனுக்கு ஃபோன் போட்டுவிடுகிற மனிதர் அவர். “உங்க அக்காவைக்கூடச் சமாளிச்சிடலாம், இவளைச் சமாளிக்க முடியல, வந்துட்டுப் போடா” என்பார். கொஞ்ச காலமாக ஃபோன் வரவில்லை. வண்டி ஒழுங்காக ஓடுகிறது போலிருக்கிறது என்று இவனும் இருந்துவிட்டான்.

கிடந்தபடியே அழுதான். மெக்கானிக் ஒருவன் அழுவதற்கு வண்டிக்கு அடியைவிடத் தோதான இடம் கிடையாது.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கல் சில்லைச் சட்டைப் பையில் போட்டான். ஹோஸைக் கழற்றினான். சக்கர அச்சில் திரண்டிருந்த கருப்பு மசகை வழித்து, கிழிசலைச் சுற்றி அழுத்தி அப்பினான். மேலே புழுதியைத் தூவித் தேய்த்தான். தொழில் தெரிந்தவன் செய்த வேலை. யார் பார்த்தாலும் நாள்பட்ட கசிவு என்றுதான் சொல்வார்கள்.

வெளியே வந்து அக்காவிடம் காட்டினான்.

“இதுதான்க்கா. ரொம்ப நாளா ஒழுகியிருக்கு. வளைவுல ஸ்டியரிங் கெட்டியாப் பிடிச்சிருக்கும். மாமா மேல தப்பே இல்ல.”

அவள் ஹோஸை வாங்கித் தடவிப் பார்த்தாள். விரலெல்லாம் கருப்பானது. இப்போது அழுவாள், அழுதால் பாரம் குறையும் என்று அவன் காத்திருந்தான்.

அவள் முகம் வெளிறிப்போனது.

“சொன்னாருடா. ஸ்டியரிங் ஒழுகுது, அவசரமில்ல, நீ வரும்போது பாக்கச் சொல்லுன்னு சொன்னாரு. வீட்டு வேலையில நாந்தான் மறந்து தொலைச்சிட்டேன். நானே கொன்னுட்டேன்டா அவரை.”

அவன் அவள் கையிலிருந்த ஹோஸைப் பார்த்தான்.

ஒழுகாத வண்டியை ஒழுகுகிறது என்று மாமா சொல்லிவைத்திருக்கிறார். ஒவ்வொரு கோளாறுக்கும் இவனை நேராகக் கூப்பிடுகிறவர், இதை மட்டும் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறார். பின்னால் அவள் மனசு காரணம் தேடி அலையும்போது பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். அவளுக்காகத்தான் அவரும் பொய் சொன்னார், இவனும் சொன்னான்.

கல் சில்லை எடுத்துக் காட்டினால் போதும். அவள்மேல் பழி இல்லை என்று ஆகிவிடும். கூடவே மற்றதும் தெரிந்துவிடும்.

“அக்கா” என்றான். கை சட்டைப் பைக்குள் போயிருந்தது. சில்லு விரலில் தட்டுப்பட்டது.

அவள் ஹோஸை அவனிடம் நீட்டினாள்.

“இப்பவாவது சொட்டு ஒழுகாம சரி பண்ணிடுடா.”

அவன் பையிலிருந்து வெறும் கையை எடுத்து, அதை வாங்கிக்கொண்டான்.