படர்தாமரைக்கு லட்சம் தள்ளுபடி

ராஜஸ்தானின் திலவாடா குதிரைச் சந்தையில் அன்று அதிர்ஷ்டத்தின் விலை நாலு லட்சம். தன் வெள்ளைக் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டே சவாய் சிங் அப்படித்தான் சொன்னார்.

"குதிரைக்கு விலை சொல்லல சேட்ஜி, சுழிக்குச் சொல்றேன். நெத்தியப் பாருங்க, ராஜ சுழி! இது மேல ஏறின மாப்பிள்ளை நூறு வருஷம் இருப்பான்."

"நூறு வருஷம் அவன் பொண்டாட்டி தாங்கணுமே" என்றபடி கேவல்சந்த் குதிரையைச் சுற்றி வந்தார். ஜோத்பூரில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடுகிறவர். இருந்த ஒரே குதிரையும் போன மாதம் செத்துப்போனது. அட்சய திருதியை முகூர்த்தங்களுக்கு வாங்கிய முன்பணம் செலவாகிவிட்டது. மனைவியின் வளையல்கள் அடகுக்கடையில். மடியில் இருந்தது சரியாக மூன்று லட்சம்.

கால், பல் எல்லாம் அப்புறம். மாப்பிள்ளை வீட்டுப் பெரிசுகள் சுழி பார்த்துவிட்டுத்தான் பையனை ஏற்றுவார்கள். நெஞ்சில் கடன் சுழி இல்லை, முதுகில் சண்டைச் சுழி இல்லை, கண்ணீர்ச் சுழி, பாம்புச் சுழி எதுவும் இல்லை. சுத்தம்.

ஆனால் இடது கன்னத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக முடி கொட்டி, செதில் விட்டிருந்தது.

கேவல்சந்துக்கு உள்ளுக்குள் சர்க்கரை. முகத்தில் மட்டும் இழவு வீடு. "என்ன தாக்கூர் சாப், சொறி பிடிச்சதக் கொண்டாந்து நிறுத்தியிருக்கீங்க?"

"டாக்டர வேணா கூட்டிட்டு வந்து காட்டுங்க" என்றார் சவாய் சிங் சோர்வாக.

சந்தையின் கால்நடை மருத்துவ முகாமிலிருந்து டாக்டர் கவரி பிஷ்னோய் வந்தாள். செதிலைச் சுரண்டிப் பார்த்தாள். "படர்தாமரை. பூஞ்சை."

கேவல்சந்த் அவளை ஓர் ஒட்டகத்தின் மறைவுக்கு அழைத்துப் போனார். "போகுமா மேடம்?"

"தாராளமா. பூஞ்சையோட மேல்தோலுக்கு ஒரு கொழுப்பு வேணும். மருந்து அதச் செய்ய விடாது. தோல் ஓட்டையாகி, உள்ள இருக்கறதெல்லாம் ஒழுகிச் செத்துடும். குதிரை உடம்புல அந்தக் கொழுப்பே கிடையாது, அதனால அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"முடி?"

"பூஞ்சை முடியத்தான் திங்கும், வேரத் தொடாது. ஆறு வாரத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே முளைச்சிடும். ஆனா ஆறிடுச்சேன்னு நடுவுல நிறுத்துனா மறுபடி கிளம்பும். சேணம், சீப்பு எல்லாத்தையும் கழுவுங்க. கையில உறை போட்டுக்குங்க, உங்களுக்கும் ஒட்டிக்கும்."

"மொத்தம் எவ்வளவு?"

"களிம்பு, கழுவற மருந்து, என் ஃபீஸ் சேர்த்துத் தொள்ளாயிரம்."

"அந்தாளு காதுல விழாம சொல்லுங்க!"

திரும்பி வந்ததும் கேவல்சந்த் துண்டுக்குள் கை போட்டு சவாய் சிங்கின் விரல்களைப் பிடித்தார். மூன்று லட்சம்.

சவாய் சிங் கையை உதறினார். "தொள்ளாயிரம் ரூபாக் கம்பளிக்கு வேணா இப்படிப் பேரம் பேசுங்க!"

ஆளுக்கு வைத்தியம் தெரியுமா என்று ஆழம் பார்க்க கேவல்சந்த் ஒரு கல்லை விட்டெறிந்தார். "சரி, இப்படி வச்சுக்குவோம். குதிரை உங்ககிட்டயே நிக்கட்டும். வைத்தியச் செலவு என்னது. முடி முளைச்சதும் வந்து நாலு லட்சத்தையும் முழுசா எண்ணி வச்சிட்டுக் கூட்டிட்டுப் போறேன்."

சவாய் சிங் குதிரையின் கயிற்றை அவிழ்த்துக் கேவல்சந்த் கையில் வைத்தார். "வேணாம் சேட்ஜி. மூணே குடுங்க. இன்னிக்கே ஓட்டிட்டுப் போயிடுங்க."

பாவம், வைத்தியம் தெரியாத மனுஷன். வழி முழுக்கக் கேவல்சந்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

களிம்பை அவரே உறை போட்டுப் பூசினார். சேணத்தைக் கழுவி வெயிலில் போட்டார், சீப்பை மருந்தில் ஊறவைத்தார். சாப்பாட்டை மறந்தாலும் மருந்தை மறக்கவில்லை. கன்னம் வெளியே தெரியாமல் ஜரிகை வைத்த முகப்பட்டையைக் கட்டி வைத்தார். தடிமனாக அப்பிய களிம்புக்கு அடியில் வெள்ளையாக ஏதோ முளைப்பது மட்டும் தெரிந்தது.

அட்சய திருதியைக்கு முதல் நாள் டாக்டர் ஜோத்பூருக்கு வந்தாள். மறுநாள் காலையில் முதல் மாப்பிள்ளையின் தாய்மாமன் சுழி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

டாக்டர் முகப்பட்டையை அவிழ்த்து, களிம்பைத் துடைத்துவிட்டு, கன்னத்தில் விளக்கைக் காட்டித் தடவினாள். அவள் முகத்தில் ஒரு பெருமை.

"பூஞ்சை பூண்டோட போச்சு! ஒரு முடி குறையல. பழையபடியே சுத்திச் சுத்தி எவ்வளவு அழகா முளைச்சிருக்கு, பாருங்க சேட்ஜி!"

சேட்ஜி பார்த்தார். கண்ணிலிருந்து நீர் வழிகிற தடத்தில், வெள்ளை முடி வட்டம் போட்டுச் சுழன்று நின்றது. மார்வார் சீமையில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கண்ணீர்ச் சுழி.

கொள்ளு மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். உடம்பெல்லாம் விட்டுவிட்டு, அந்த ஒரு இடத்தில் மட்டும், காசு வைத்து வரைந்த மாதிரி படர்தாமரை வந்தது எப்படி என்பது அப்போதுதான் உறைத்தது.

"என்னாச்சு? உடம்புக்கு முடியலையா?" என்று டாக்டர் பதறினாள்.

கேவல்சந்த் எழுந்தார். முகப்பட்டையை எடுத்துக் குதிரைக்கு மறுபடி கட்டினார். வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவளைக் குதிரையின் மறைவுக்கு அழைத்துப் போனார்.

"பர்பத்சர் குதிரைச் சந்தை ஆவணியிலதானே மேடம்?"

"ஆமா. ஏன்?"

"இதப் போக்கத் தொள்ளாயிரம் வாங்குனீங்க. திரும்ப வர வைக்க எவ்வளவு?"