தவிட்டு மூட்டை

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க மேடம். யூனிக்ஸ்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றான் ஆல்பின்.

தெரியாது. மூடிக்கொண்டேன். நான் சொல்ல வந்தது யூனிக்ஸைப் பற்றியும் இல்லை.

எங்கள் கீழ்வேளூர் ரைஸ்மில்லுக்கு நெட்வொர்க்கில் பிரிண்டரை இணைத்துக் கொடுக்க மெட்ராஸிலிருந்து வந்தவன். பிறந்தது தரங்கம்பாடி, பேச்சு மட்டும் இப்போதே கலிபோர்னியா. இரண்டாயிரமாவது வருஷம் பிறப்பதற்குள் அமெரிக்கா போகிறானாம். வேலை முடிந்தது என்று எங்கள் முதலாளி தியாகேசன் கையெழுத்துப் போட்டால்தான் அவனுடைய கம்பெனி அனுப்பும். வந்ததிலிருந்து இதே பாட்டுத்தான்.

நேற்றுச் சாயங்காலமே புதுப் பிரிண்டரை என் மேசைக்குப் பக்கத்தில் வைத்து, அதற்கு ஒரு எண் கொடுத்து, கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டுப் போயிருந்தான். இன்று சோதனை.

'டெஸ்ட்' என்று அடித்து அனுப்பினான். பக்கத்திலிருந்த பிரிண்டர் அசையவில்லை.

மறுபடி அனுப்பினான். வயரைப் பிடுங்கிச் செருகினான். எங்கள் ஊர்க் கரண்டைத் திட்டினான். மில் இரைச்சலைத் திட்டினான். எலியைத் திட்டினான். பிரிண்டரைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தான்.

கோபம் ஏறியதும் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிக்க ஆரம்பித்தான்.

'தூங்குமூஞ்சி ஊர்.' அனுப்பினான்.

'இவனுங்களுக்கு எதுக்குடா கம்ப்யூட்டர்.' அனுப்பினான்.

'தியாகேசன் ஒரு தவிட்டு மூட்டை.' இதை மட்டும் பத்துப் பதினைந்து காப்பி போட்டு அனுப்பினான்.

அனுப்பிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. எனக்குச் சம்பளம் தருகிறவரைத் திட்டினால் நானும் சேர்ந்து இளிப்பேன் என்று நினைப்பு. மூஞ்சியைப் பார்!

பியூன் ரெத்தினம் வந்து பேப்பர் கேட்டார். ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தேன். ஆல்பின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் மில்லில் எந்தப் புதுச் சாமானும் முதலில் முதலாளி அறையில்தான் இருக்க வேண்டும். காலையில் நல்ல நேரம் பார்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, புதுப் பிரிண்டரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அவன் கொடுத்த எண்ணும் அதோடு போய்விட்டது; அடித்து அனுப்புவதெல்லாம் அந்த எண்ணுக்குத்தான் போகும். இரண்டு அறைக்கும் வயர் இழுத்தவன் அவன்தான். என் பக்கத்தில் இருப்பது முதலாளியின் பழைய பிரிண்டர். ஒரே கம்பெனி, ஒரே நிறம்.

அதைத்தான் முதலிலேயே சொல்ல வாயைத் திறந்தேன்.

உள்ளறைக் கதவு திறந்தது. தியாகேசன் ஐயா கை நிறையத் தாள்களோடு வந்து நின்றார்.

"எழுத்து நல்லாத் தெளிவா விழுது தம்பி. இதுல எந்தத் தாள்ல கையெழுத்துப் போடணும்?"