இடப்பக்கத்து ஆடு

ஆலயத்தின் பின்புறம் செம்மறிகளோடு ஒரு வெள்ளாடும் அதன் குட்டியும் மேய்ந்துகொண்டிருந்தன. உள்ளே போதகர் விளக்கிக்கொண்டிருந்தார்: நியாயத்தீர்ப்பு நாளில் மேய்ப்பராகிய ஆண்டவர் வந்து மந்தையைப் பிரிப்பார், செம்மறிகள் வலப்பக்கம் நிற்கும், வெள்ளாடுகள் இடப்பக்கம் நிற்கும், வலப்பக்கம் என்றால் ஆசீர்வாதம், இடப்பக்கம் என்றால் சாபம். அதைக் கேட்டதும் மூத்த செம்மறிக்குத் தலை நிமிர்ந்துவிட்டது.

அன்று காலைதான் ஒரு செம்மறி குட்டி போட்டுவிட்டு இறந்திருந்தது. அந்தக் குட்டி பாலுக்காக ஒவ்வொரு மடியாகப் போய் முட்டியது. எல்லாச் செம்மறிகளும் உதைத்துத் தள்ளின. வெயில் ஏறியபோது அது எழ முடியாமல் படுத்துவிட்டது.

வெள்ளாடு தன் குட்டியை ஒதுக்கிவிட்டு, அதனருகே போய் மடியைக் காட்டியது.

"நில்லு!" என்றது மூத்த செம்மறி. "அது வலப்பக்கத்துப் பிள்ளை. உன் பாலைக் குடித்தால் உன்னோடு இடப்பக்கம் போய்விடும்."

"அப்போ நீ கொடு."

"அது என் குட்டி இல்லையே!"

"என் குட்டியும் இல்லைதான்."

"மேய்ப்பர் வந்து பிரிக்கும்போது உன் கதி என்ன ஆகும், தெரியுமா?"

"எந்தப் பக்கம் நிறுத்தினாலும் நிற்கிறேன். அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன். நீ வழியை விடு."

செம்மறிகள் சூழ்ந்துகொண்டன. வெள்ளாடு கொம்பைத் தாழ்த்தியது, எதுவும் நெருங்கவில்லை. குட்டி தடுமாறி எழுந்து, வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது.

தள்ளி நின்ற வெள்ளாட்டுக் குட்டி பசியில் கத்தியது. கூட்டத்திலிருந்து ஓர் இளம் செம்மறி விலகி அதனிடம் போனது.

"நீயுமா?" என்று கத்தியது மூத்த செம்மறி.

இளம் செம்மறி குட்டிக்கு மடி எட்டும்படி காலை அகட்டி நின்றது.